கிணத்துத் தண்ணிக்கு 50 லீற்றர் ஹீற்றர்: சுவிச் போட்டவுடன் ட்ரிப் விழுகுது

நிலாவெளிவாசல்

வணக்கம். விபரத்தை முதலே தந்துவிடுறன். 50 லீற்றர் சுவர் ஹீற்றர், 1500 வாற், எனாமல் பூசின இரும்புத் தாங்கி, நாலு வருசம் பழசு. தண்ணி கிணத்திலிருந்து மோட்டரால மேல்தாங்கிக்கு ஏறி அங்கயிருந்து இறங்குது. மேல்தாங்கி ஷவரிலிருந்து 4 மீற்றர் உயரத்தில இருக்கு. பங்குனியில நிப்பாட்டின ஹீற்றர். வாடைமழை தொடங்கினதால இப்ப போட்டால் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் அந்தக் கணமே விழுகுது. போன முறை சூடாகேக்க உள்ளே கடகடவெண்டு சத்தமும் வந்தது. சேஃப்டி வால்வால தண்ணி சொட்டினபடியால் பிளம்பர் அதின்ர வாயில கட்டை அடிச்சு விட்டிருக்கிறார்.

எலிமென்ற் போயிட்டுதா? அல்லது ஹீற்றரையே மாத்தவேணுமா? மாத்துறதெண்டால், தாங்கி இல்லாமல் தண்ணி ஓடேக்கயே சூடாக்குற இன்ஸ்ரன்ற் ஹீற்றர் நல்லமா?

மூன்றாம்வயர்

தம்பி, அந்தக் கட்டையை இண்டைக்கே கழட்டுங்க. ட்ரிப் விழுகிறது உங்களைக் காப்பாத்துற விசயம், அது இரண்டு நாள் பொறுக்கும். அடைச்ச வால்வ் பொறுக்காது. ஏனெண்டு கொட்டியாரக்குடா நானா வந்தால் வடிவாச் சொல்லுவார், நான் கரண்ட் பக்கத்தை எழுதுறன்.

ட்ரிப் சுவிச் பாக்கிறது ஒரே ஒரு கணக்கைத்தான்: லைவ் வயரால போன மின்னோட்டம் நியூற்றலால முழுசாத் திரும்புதா. 30 எண்டு அதில எழுதியிருந்தாலும் 15க்கும் 30க்கும் இடையில எங்கயாவது வெட்டும். காணாமல் போற அந்தக் கொஞ்சம் எலிமென்றின்ர உறையால தண்ணிக்குப் போய், தண்ணியால தாங்கிக்கு வந்து, எர்த் வயரால மண்ணுக்குப் போகுது.

எலிமென்றுக்குள்ள நடுவில நிக்குரோம் கம்பிச் சுருள். அதைச் சுத்தி மக்னீசியம் ஒக்சைட் தூளை இறுக்கி அடைச்சிருக்கு. வெளியில உறையா செப்புக் குழாய், இல்லையெண்டால் இன்கொலோய் எண்ட நிக்கல் கலப்புலோகக் குழாய். அந்தத் தூள் சூட்டைக் கடத்தும், கரண்டைத் தடுக்கும். ஆனால் காய்ஞ்சிருந்தால்தான் தடுக்கும். அது ஈரத்தை உறிஞ்சுற சாமான். எட்டு மாசம் சும்மா கிடந்த எலிமென்றின்ர முனைச் சீலால ஈரக்காத்து ஏறி, கார்த்திகையில முதல் தடவை போடேக்க ட்ரிப் விழுறது எங்கட ஊரில வழமையான காட்சி. உறை ஓட்டையாகித் தண்ணியே உள்ள போனாலும் இதே மாதிரித்தான் விழும். இரண்டையும் பிரிச்சறியிற வழி அளக்கிறதுதான்.

மெயினை நிப்பாட்டுங்க, ஹீற்றரின்ர டபிள் போல் சுவிச்சையும் (லைவையும் நியூற்றலையும் சேத்து வெட்டுறது) நிப்பாட்டுங்க. மூடியைத் திறந்து, கரண்ட் இல்லையெண்டு டெஸ்ரரால உறுதி செய்துபோட்டு எலிமென்றின்ர இரண்டு வயரையும் கழட்டுங்க. மீற்றரை ஓமில வைச்சு இரண்டு முனைக்கும் இடையில பாருங்க. 230ஐ 230ஆல் பெருக்கி வாற்றால பிரிச்சால் வரவேண்டிய தடை வரும். உங்கட 1500க்கு 35 ஓம். 2000 வாற் எண்டால் 26, 3000 வாற் எண்டால் 17, 18. பிறகு ஒவ்வொரு முனைக்கும் பித்தளைத் தலைக்கும் இடையில பாருங்க. நல்ல எலிமென்றில சாதாரண மீற்றர் ஒண்டும் காட்டாது. 500 வோல்ற் மெகரால (காப்புத் தடை அளக்கிற மீற்றர்) பாத்தால் 1 மெகாஓமுக்கு மேல நிக்கவேணும். சில நூறு கிலோஓம் வந்தால் ஈரம் எண்டு எடுக்கலாம். சில கிலோஓம் மட்டும் வந்தால் உறையில ஓட்டை. 230 வோல்ற்றில 30 மில்லியம்பியர் ஒழுக 7.7 கிலோஓம் போதும், அதை மனசில வைச்சுக்கொண்டு அளவுகளைப் பாருங்க.

அளந்துபோட்டு இலக்கங்களை இங்க போடுங்க. அதுவரைக்கும் ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேரடியாக் கரண்ட் கொடுத்துப் பாக்கவேண்டாம். எங்களுக்கு வீட்டுக்கு வீடு தனி எர்த் கம்பிதான். நிலாவெளி மணல் காய்ஞ்சால் அந்தக் கம்பியின்ர தடை 50 ஓமைத் தாண்டுறது பெரிய விசயமில்லை. 230ஐ 50ஆல் பிரிச்சால் 4.6 அம்பியர். 20 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒழுக்கெண்டே தெரியாது, சும்மா இருக்கும். தாங்கியும் குழாயும் ஷவர்த் தலையும் கரண்டோட நிக்கும். மணலில எங்களுக்கு உயிர்க்காவல் ட்ரிப் சுவிச் மட்டும்தான். அதின்ர டெஸ்ற் பட்டனை மாசம் ஒருக்கா அமத்திப் பாருங்க, விழாட்டி அண்டைக்கே மாத்துங்க.

கொட்டியாரக்குடா

கட்டை அடிச்சது பிளம்பர் எண்டு வாசிக்க மனசு வலிக்குது. தம்பி, அந்த வால்வ் ஏன் சொட்டுது எண்டு கேளுங்க.

தண்ணி சூடாகினால் பருக்கும். 28 பாகைத் தண்ணியை 60க்குக் கொண்டுபோனால் நூற்றுக்கு 1.3 பங்கு கூடும். 50 லீற்றரில அது 650 மில்லிலீற்றர், முக்கால் லீற்றர் போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தண்ணி எங்கயாவது போகவேணும். சேஃப்டி வால்வுக்குள்ளயே திரும்பவிடாத வால்வ் ஒண்டு இருக்கிறதால வந்த வழியே மேல்தாங்கிக்குத் திரும்பேலாது. உங்கட 4 மீற்றர் உயரம் 0.4 பார் அமுக்கம்தான். சூடேற ஏற அது 8 பாருக்குப் போகும், அப்ப வால்வின்ர ஸ்பிரிங் கொஞ்சமாத் திறந்து சொட்டும். ஆக, சூடாகேக்க சொட்டினால் வால்வ் ஒழுங்கா வேலை செய்யுது. ஆறின பிறகும் சொட்டினால்தான் பிழை, அநேகமா வால்வ் மூடுற இடத்தில மணல் துகள் நிக்கும். சின்ன லீவரை நாலைஞ்சு தரம் தூக்கி விட்டால் தண்ணியோட மணல் போகும். போகாட்டி வால்வை மாத்துங்க, அது பெரிய காசில்லை.

அடைச்சால் என்ன நடக்கும்? தெர்மோஸ்ரற்றின்ர தொடுமுனை உருகி ஒட்டி, அளவுமீறிச் சூடானால் கரண்டை வெட்டுற சிவப்புப் பட்டன் கட்அவுட்டும் பழுதானால் தண்ணி 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் அமுக்கத்தோட நிக்கும். 150 பாகையில தாங்கி கிழிஞ்சால் ஒவ்வொரு லீற்றர் தண்ணியும் ஏறத்தாழ 150 லீற்றர் நீராவியைக் கக்கும். உங்களிட்ட 50 லீற்றர் இருக்கு. சுவர் நிக்காது.

வால்வின்ர வாயில ஒரு சின்னக் குழாயைச் செருகி, கீழ் நோக்கிச் சரிவா, முனை திறந்தபடி நிலத்து வடிகானுக்கு விடுங்க. சொட்டு பாக்க அரியண்டமா இருந்தால் அதுதான் மருந்து. மேல்தாங்கி வீடுகளுக்கு இன்னொரு வழியும் இருக்கு: சுடுதண்ணிக் குழாயின்ர உச்சியிலிருந்து ஒரு காத்துக்குழாயை மேல்தாங்கி நீர்மட்டத்துக்கு மேல ஒரு முழம் உயர்த்தி, வாயை வளைச்சு விடுறது. பருக்கிற தண்ணி அதில ஏறி இறங்கும். அதைச் செய்தாலும் வால்வ் இருக்கட்டும்.

கந்தளாய்நீர்

கடகடச் சத்தத்துக்கு வருகிறேன். அது சுண்ணப் படிவு. கிணற்று நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூடானதும் காபனேற்றாக மாறி எலிமென்றின் மேல் ஓடுபோல் படிகிறது. உப்பும் சீனியும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கல்சியம் காபனேற்று நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். அதனால்தான் தாங்கியின் சுவரை விட்டுவிட்டு, உள்ளே மிகச் சூடான இடமாகிய எலிமென்றைத் தேடிப் படிகிறது. ஓட்டுக்கும் உலோகத்துக்கும் இடையில் சிக்கிய நீர் ஆவியாகி வெடித்து வெளியேறும் சத்தம்தான் நீங்கள் கேட்டது.

பலர் படிவு வந்தால் கரண்ட் பில் கூடும் என்கிறார்கள். தண்ணீருக்குள் மூழ்கிய எலிமென்றைப் பொறுத்தவரை அது பெரிதாகச் சரியில்லை. எலிமென்றில் பிறக்கும் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகவேண்டும், வேறு வழி கிடையாது. கெடுவது எலிமென்ற். படிவு செப்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்தும், ஆகவே உள்ளே கம்பியும் உறையும் அளவுக்கு மீறிச் சூடாகி உறை வெடிக்கும். மூன்றாம்வயர் அண்ணா சொன்ன ஓட்டை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

திருகோணமலை நகரத்துக் குழாய் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வருவது. மேற்பரப்பு நீர் என்பதால் ஹீற்றருக்கு அது எவ்வளவோ நல்லது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை மணலுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் தாங்கும் என்பது கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால், மோட்டர் போட்டு மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலே உப்பு வேகமாக மேலேறும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கிணற்றில் உப்புக் கூடி, மார்கழி மழையில் குறைவது அதனால்தான். தண்ணீரைச் சோதிக்கக் கொடுப்பதென்றால் ஆவணி, புரட்டாதியில் எடுங்கள். மார்கழியில் எடுத்த மாதிரி நல்ல பிள்ளையாகத்தான் காட்டும்.

உப்புவெளி42

அப்படியெண்டால் தாங்கியே இல்லாத இன்ஸ்ரன்ற்தானே இந்தக் கரைக்குச் சரி? துருப்பிடிக்கத் தாங்கி இல்லை, சேஃப்டி வால்வ் இல்லை, காத்திருக்கவும் தேவையில்லை. விருந்தினர் அறைகளுக்கு எல்லாரும் அதைத்தான் போடுறாங்க. இல்லாட்டி எவர்சில்வர் தாங்கி வாங்கினால் எனாமல் பிரச்சினையும் இல்லை.

மூன்றாம்வயர்

இன்ஸ்ரன்ற்றை நான் வேண்டாமெண்டு சொல்லமாட்டன், எங்கட காலநிலைக்கு அது பொருந்தும். கணக்கைப் பாருங்க. 3.5 கிலோவாற் இன்ஸ்ரன்ற் நிமிசத்துக்கு 3 லீற்றர் ஓட்டத்தில தண்ணியை ஏறத்தாழ 17 பாகை உயர்த்தும். 28 பாகையில வாற திருகோணமலைத் தண்ணி 45ஆகும், சூடு காணும் எண்டு நீங்களே பைப்பைக் கூடத் திறப்பீங்க. 4 லீற்றர் ஓடினாலும் 40க்கு மேல. கன்னியா வெந்நீர்க் கிணறுகளின்ர சூடும் 40ஐ ஒட்டினதுதான், குளிக்க அது தாராளம். அதே பெட்டியை நுவரெலியாவில 15 பாகைத் தண்ணிக்குப் போட்டால் 4 லீற்றர் ஓட்டத்தில 28ஐக்கூடத் தாண்டாது. மலைநாட்டுக்காரர் இன்ஸ்ரன்ற்றைத் திட்டுறதை வாசிச்சுப்போட்டு இங்க முடிவெடுக்கக்கூடாது.

ஆனால் வயர். 3.5 கிலோவாற் எண்டால் 15 அம்பியர். 13 அம்பியர் பிளக் தாங்கிறது 3 கிலோவாற் வரைக்கும்தான். இன்ஸ்ரன்ற்றைப் பிளக்கில குத்தினால் முதல் வாரம் ஒண்டும் தெரியாது, பிறகு பிளக்கின்ர கால் கறுக்கும், பிளாஸ்ரிக் உருகும். பலகையிலிருந்து தனி வயர், 4 சதுர மி.மீ., 20 அம்பியர் பிரேக்கர், குளியலறைக்கு வெளியில 20 அம்பியர் டபிள் போல் சுவிச். 4.5 கிலோவாற் எண்டால் கிட்டத்தட்ட 20 அம்பியர் இழுக்கும், அதுக்குச் சுவிச்சும் பிரேக்கரும் ஒரு படி மேல போகவேணும்.

டபிள் போல் எண்டு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. உறையின்ர ஓட்டை நியூற்றல் பக்கமா இருந்தால், லைவை மட்டும் வெட்டுற சுவிச்சில ஹீற்றரை நிப்பாட்டினாலும் வேற எங்கயோ கிரைண்டரைப் போட ட்ரிப் விழும். ஆக்கள் கிரைண்டரைத் திருத்தக் கொண்டுபோவாங்க.

பின்னேரம் வோல்ற்றளவு இறங்குற வீடுகளுக்கு இன்னொண்டு. வலு வோல்ற்றளவின்ர வர்க்கத்தோட இறங்கும். 230க்குப் பதில் 200 வந்தால் 3.5 கிலோவாற் 2.65 ஆகிடும். தாங்கி ஹீற்றருக்கு அதால சூடாகக் கொஞ்ச நேரம் கூடச் செல்லும், அவ்வளவுதான். இன்ஸ்ரன்ற்றில தண்ணி நேரடியாக் குளிரும்.

கொட்டியாரக்குடா

உப்புவெளிக்காரர் சொன்னதில ஒரு பாதி மெய். இன்ஸ்ரன்ற்றுக்குத் தாங்கி இல்லை, ஆனால் அமுக்கம் வேணும். உள்ளே இருக்கிற ஓட்டச் சுவிச் ஒரு அளவு தண்ணி ஓடினால்தான் கரண்டைக் கொடுக்கும். 4 மீற்றர் உயரத்தில 0.4 பார், அதிலயும் முக்காலங்குலக் குழாய் அரையங்குலமாகி, நாலு வளைவு வளைஞ்சு வந்தால் ஷவரில மிஞ்சுறது கொஞ்சம். வாங்க முதல் ஒரு வாளியும் மணிக்கூடும் எடுத்து அளந்து பாருங்க. ஷவரைக் கழட்டாமல் நிமிசத்துக்கு 3 லீற்றர் வராட்டி, பம்ப் உள்ளேயே பூட்டின மாதிரி வாங்கவேணும்.

தண்ணி வாற வாயில சின்ன வலை வடி இருக்கும். கிணத்து மணல் அதில மூணு மாசத்தில நிரம்பும். ஓட்டம் குறையும், தண்ணி கொதிக்கும், கட்அவுட் வெட்டும், குளிரும், திரும்பச் சூடாகும். சுட்டும் குளிர்ந்தும் மாறி மாறி வருதெண்டு உள்ளே இருக்கிற சேர்க்கிற் போட்டைக் குறை சொல்ல முதல் அந்த வலையைக் கழட்டிக் கழுவுங்க. ஷவர்த் தலையின்ர துளையள் சுண்ணாம்பால அடைபட்டாலும் இதே கதைதான். வினாகிரியில இரவு ஊறப்போட்டால் திறக்கும்.

திறந்த வாய் இன்ஸ்ரன்ற் எண்டு ஒரு வகை இருக்கு, ஷவர் குழாய் நேரா அதிலிருந்தே தொங்கும். அதுக்குத் தண்ணியை நிப்பாட்டுற பைப் உள்ளே வாற பக்கம் மட்டும்தான் இருக்கவேணும். வெளியே போற பக்கத்தில நிப்பாட்டுற பைப் பூட்டினால் ஹீற்றரின்ர கூடு வெடிக்கும். கைப்பிடியில நிப்பாட்டுற பட்டன் உள்ள ஷவர்த் தலை வாங்கிப் பூட்டுறதும் அதே பிழை.

கந்தளாய்நீர்

எவர்சில்வர் பற்றி. உப்புவெளி42, உங்கள் கரைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஒக்சைட் படலம். குளோரைட்டு அந்தப் படலத்தை ஊசிக்குத்தாய்த் துளைக்கும், சூடான நீரில் இன்னும் விரைவாக. 304 தர எவர்சில்வரை லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரைட்டுக்கு மேல் நம்பக்கூடாது என்பது கைக்கணக்கு. நம் நாக்குக்கு உப்பு தெரியத் தொடங்குவதே 250 மில்லிகிராம் அளவில்தான். அதாவது தேநீரில் உப்பு உறைக்கிறது என்றால் 304க்கு அந்தக் கிணறு ஏற்கனவே கூடாது. வெல்டிங் ஓரங்களில்தான் முதலில் ஒழுகும். 316 தரம் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கடையில் தரத்தை எழுத்தில் தராவிட்டால் 304 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனாமல் தாங்கிக்கு உள்ளே மக்னீசியம் கம்பி ஒன்று தொங்கும், அனோட்டு. எனாமலில் தவிர்க்க முடியாத மயிரிழை வெடிப்புகள் இருக்கும். அங்கே இரும்பு கரையவேண்டிய இடத்தில் மக்னீசியம் தன்னைக் கரைத்துக் கொடுக்கிறது. உப்பு நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் கம்பி வேகமாகத் தீரும். ஆனால் தீர்ந்தால் புதிதாகப் போடலாம், எவர்சில்வரின் ஓட்டைக்கு மாற்று இல்லை. வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, பாதிக்குக் கீழ் மெலிந்திருந்தால் மாற்றினால் எனாமல் தாங்கி நெடுநாள் நிற்கும். இந்த மாவட்டத்தில் கழற்றும் ஹீற்றர்களில் அனோட்டு எந்நேரமும் வெறுங்கம்பியாகவே கிடக்கிறது. வாங்கும்போது அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை, என் கோபம் அதில்தான்.

உப்புவெளி42

சரி, அனோட்டு இப்பதான் விளங்குது. இன்னொரு கேள்வி. 15 லீற்றர் ஹீற்றரை 75 பாகையில வைச்சால் கனபேர் குளிக்கலாம்தானே? சிலர் 45இல வைச்சால் கரண்ட் மிச்சம் எண்டும் சொல்றாங்க.

கந்தளாய்நீர்

கணக்குப்படி முடியும். 60 பாகை நீர் 15 லீற்றரை 28 பாகைப் பச்சைத்தண்ணீருடன் கலந்தால் 40 பாகையில் 40 லீற்றர் வரும், அதாவது இரண்டு பெரிய வாளி. 75 என்றால் 59 லீற்றர். உண்மையில் பச்சைத்தண்ணீர் அடியில் புகுந்து கலப்பதால் இரண்டிலும் ஐந்தில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் 60ஐத் தாண்டினால் கடின நீரில் படிவு விரைகிறது, எலிமென்ற் அதன் விலையைக் கொடுக்கும். தோலுக்கும் அப்படித்தான். 60 பாகை நீர் வளர்ந்தவரின் தோலை ஐந்து செக்கனில் ஆழமாகச் சுட்டுவிடும், குழந்தைக்கு அதைவிடக் குறைவான நேரம் போதும். வாளியில் எப்போதும் பச்சைத்தண்ணீரை முதலில் விட்டு, பிறகு சுடுதண்ணீரை விடுங்கள்.

45 இன்னொரு பக்கம் பிழை. 25 முதல் 45 பாகை வரை லெஜியனெல்லா பக்டீரியா பெருகும், ஷவர்த் தூவலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ஆகவே தாங்கியை 60இல் வையுங்கள். விருந்தினர் இல்லாமல் அறை வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தால், ஆள் வருமுன் முழுச்சூடாக்கி ஒரு மணித்தியாலம் விட்டு, யன்னலைத் திறந்து, ஷவரை ஓடவிட்டு, நீங்கள் வெளியே நில்லுங்கள்.

மூன்றாம்வயர்

கரண்ட் மிச்சத்துக்கு இதையும் சேர்க்கிறன். 15 லீற்றரை 28இலிருந்து 60க்கு ஏத்த 0.56 யூனிற், 2000 வாற் எலிமென்ற்றில 17 நிமிசம். 50 லீற்றருக்கு 1.86 யூனிற், 1500 வாற்றில ஒண்டேகால் மணித்தியாலம். நாள் முழுக்கப் போட்டுவைக்கிறதா, நிப்பாட்டுறதா எண்டு எப்பவும் கேள்வி வரும். நிப்பாட்டுறதுதான் குறைவு, எந்தத் தாங்கியிலயும். போட்டுவைச்சால் நுரைப்போர்வையைத் தாண்டி வெளியேறுற சூட்டைத் தெர்மோஸ்ரற் திரும்பத் திரும்ப நிரப்பும். அந்த 24 மணி நேர இழப்பு பெட்டியில அல்லது ஸ்ரிக்கரில எழுதியிருக்கும், வாங்கேக்க வாற்றைப் பாக்கிறதுக்கு முதல் அதைப் பாருங்க. நாலு பேர் உள்ள வீட்டுக்கு, காலமை மட்டும் குளிக்கிறதெண்டால், இந்த ஊரில 50 லீற்றர் பெரிசு. 25 காணும்.

வெயில்பெட்டி

சூரிய ஹீற்றரை ஒருத்தரும் எடுக்கேல்ல. ஆட்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லாமல் வேற காரணத்துக்காக நானும் இங்க கவனமாத்தான் சொல்லுவன். வெயில் எங்களுக்குக் குறைவில்லை. சித்திரையில கறுப்பு மேல்தாங்கியே மத்தியானம் கை வைக்க முடியாத தண்ணி தருது. சுடுதண்ணி தேவைப்படுறது கார்த்திகை, மார்கழி, தையில, வடகீழ்ப் பருவக்காத்தில முகில் மூடிக்கிடக்கேக்க. ஆக, சூரியப் பெட்டி தேவையில்லாத எட்டு மாசம் கொதிக்கும், தேவையான நாளில பாதிச் சூடு தரும். கரண்ட் எலிமென்ற் துணைக்கு இல்லாமல் வாங்கவேண்டாம். வருசம் முழுக்க ஆள் வாற விடுதிக்குக் கணக்கு வேற, அங்க அது காசை மிச்சம்பிடிக்கும்.

வைக்கிறதெண்டால் தெற்குப் பாத்து, 10 முதல் 15 பாகைச் சரிவில. நாங்கள் 8.5 பாகை வட அகலக்கோட்டில இருக்கிறம், சரிவு அதுக்குக் கொஞ்சம் கூட இருந்தால் தண்ணி தானாச் சுழலவும் உதவும். தட்டைப் பெட்டியில தாங்கியின்ர அடி பெட்டியின்ர மேல் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றராவது உயர நிக்கவேணும், இல்லாட்டி இரவில சுழற்சி தலைகீழாகிச் சூடு வானத்துக்குப் போகும். கண்ணாடிக் குழாய் வகையில, தண்ணி தீர்ந்து வெயிலில காய்ஞ்ச குழாய்க்குள்ள மோட்டரைப் போட்டுப் பச்சைத்தண்ணி விட்டால் குழாய் வெடிக்கும். பொழுதுபட்ட பிறகு நிரப்புங்க. குழாயின்ர அடியில இருக்கிற வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையா மாறினால் உள்ளேயிருந்த வெற்றிடம் போயிட்டுது, அந்தக் குழாயை மட்டும் மாத்தலாம். தாங்கி நிக்கிற கால்களை இரும்பில வாங்கவேண்டாம், உப்புக்காத்தில மூண்டு மழைக்குப் பிறகு கூரையில துருக்கோடு இழுக்கும்.

நிலாவெளிவாசல்

கட்டை கழட்டியாச்சு, குழாய் விட்டாச்சு. அளவுகள்: முனைக்கு முனை 35.4 ஓம். ஒரு முனையிலிருந்து பித்தளைத் தலைக்கு 4 கிலோஓம், மற்ற முனையிலிருந்தும் அதே அளவு. தண்ணியை வடிச்சு எலிமென்ற்றைக் கழட்டினால் சாம்பல் நிறத்தில சுண்டுவிரல் தடிப்புக்குப் படிவு, வளைவில பச்சை நிறத்தில ஒரு வெடிப்பு. அனோட்டு வெறும் கம்பி. தாங்கிக்குள்ள ரோச் அடிச்சுப் பாத்தால் எனாமல் வெள்ளையா இருக்கு, அடியில இரண்டு சிரட்டை சுண்ணாம்புத் தூள். சுடுதண்ணி போன முறை கூழ்முட்டை மணம் மணத்தது, சொல்ல மறந்திட்டன்.

மூன்றாம்வயர்

4 கிலோஓம் எண்டால் லைவ் பக்கத்தில 57 மில்லியம்பியர், ட்ரிப் விழாமல் என்ன செய்யும். வெடிப்பைக் கண்ணாலயே கண்டிட்டீங்க, காய வைச்சுப் பாக்கிற வேலை இதுக்கு இல்லை. தாங்கி நல்லம், ஆகவே ஹீற்றரை மாத்தவேண்டாம். எலிமென்ற், அனோட்டு, ரப்பர் வளையம், மூண்டும் புதுசு. தெர்மோஸ்ரற்றின்ர உணர்கோலிலயும் படிவு பிடிச்சிருக்கும். பிடிச்சிருந்தால் அது தண்ணியின்ர சூட்டைப் பிந்தி அறியும், கட்அவுட்டின்ர சிவப்புப் பட்டன் அடிக்கடி பாயும். அந்தக் கோலையும் குழாயையும் துடையுங்க.

எலிமென்ற்றைக் கடையில கேக்கேக்க வாற் மட்டும் சொன்னால் காணாது. தலைத்தட்டின்ர விட்டம், ஆணித்துளை எத்தினை, அனோட்டு பூட்டுற மரையின்ர அளவு, நீளம். பழசைக் கையோட கொண்டுபோங்க. 1500 இருந்த இடத்தில 3000 பூட்டவேண்டாம். வயர் ஒரு பக்கம், சின்ன மேற்பரப்பில கூடச் சூடு எண்டால் படிவும் கூட எண்டது இன்னொரு பக்கம். கடின நீருக்கு நீளமான, வாற் குறைஞ்ச எலிமென்ற்தான் காலம் போகும். கிடைச்சால் இன்கொலோய் உறை எடுங்க.

கொட்டியாரக்குடா

தாங்கியைக் கழுவுங்க இப்ப, திறந்திருக்கேக்க. தலைத்தட்டு வாயால தூளைக் கையாலயும் பிளாஸ்ரிக் கரண்டியாலயும் அள்ளி எடுத்து, தண்ணி வாற குழாயைக் கொஞ்சம் திறந்து மிச்சத்தை அலசி வெளியே விடுங்க. இரும்புத் துண்டு உள்ளே போடவேண்டாம், எனாமல் பேரும். குளியலறை கழுவுற அசிட் ஊத்தவேண்டாம், அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுண்ணாம்போட சேத்து இரும்பையும் செப்பையும் தின்னும். குளோரின் தூளோட கலந்தால் நச்சு வாயு வரும். ஒட்டிக்கொண்டிருக்கிறதைக் கரைக்க லீற்றருக்கு 50 கிராம் சித்திரிக்கமிலம் போதும், வெதுவெதுத் தண்ணியில இரண்டு மூணு மணித்தியாலம். தேசிக்காய்ப் புளிதான் அது. அனோட்டைப் பூட்ட முதல் செய்யுங்க, அமிலத்தில மக்னீசியம் பொங்கிக் கரைஞ்சிடும்.

பூட்டேக்க ரப்பர் வளையம் புதுசா, அது உக்காருற இடத்தைத் துடைச்சு, ஆணிகளை எதிர் எதிரா, இரண்டு சுத்தில இறுக்குங்க. ஒரு பக்கத்தால தொடர்ந்து இறுக்கினால் தட்டு சரிஞ்சு ஒழுகும். பிறகு சுடுதண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டு மேல்தாங்கி வால்வைத் திறங்க. சுடுதண்ணி தாங்கியின்ர உச்சியிலிருந்துதான் வெளியே போகும், அதனால காத்தெல்லாம் கொப்பளிச்சு முடிஞ்சு தண்ணி நூலா ஓடினால்தான் தாங்கி நிரம்பினது. அதுக்கு முதல் சுவிச் போட்டால் புது எலிமென்ற் காத்தில எரிஞ்சுபோகும், ஒரு நிமிசம் காணும்.

குழாயையும் பாருங்க. ஹீற்றர் வாயிலிருந்து ஷவர் வரைக்கும் வெள்ளைப் பீவீசி இருந்தால் அது 60 பாகையில இளகும், மூட்டு இழுபடும். சுடுதண்ணிக்கெண்டு வாற சீபீவீசி அல்லது பீபீஆர் போடவேணும். தூரத்தையும் குறையுங்க. அரையங்குலக் குழாய் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒண்டேகால் லீற்றருக்கு மேல தண்ணியை வைச்சிருக்கும், ஒவ்வொரு முறையும் அது ஆறிப்போய்த்தான் கிடக்கும்.

கந்தளாய்நீர்

கூழ்முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டு. கிணற்று நீரின் சல்பேற்றை, காற்றில்லாமல் வாழும் பக்டீரியா உடைத்து உண்டாக்குவது. மக்னீசியம் கரையும்போது பிறக்கும் ஐதரசன் அவற்றுக்குத் தீனி. மணத்துக்காக அனோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஹீற்றரைப் பாவிக்கிறவர்கள் உண்டு. மணம் போகும், பிறகு தாங்கியும் போகும். பச்சைத்தண்ணீரே மணந்தால் கிணற்றைக் குளோரின் இட்டுச் சுத்தம் செய்யவேண்டும். சுடுதண்ணீர் மட்டும் மணந்தால் அலுமினியம், நாகம் (சிங்க்) கலந்த அனோட்டுக் கேட்டு வாங்குங்கள். அடிச் சேற்றை அள்ளியபடியால் பாதி மணம் ஏற்கனவே போயிருக்கும்.

நிலாவெளிவாசல்

மெத்தப் பெரிய உதவி. கடைசியா ஒண்டு: திரும்பப் பங்குனியில நிப்பாட்டேக்க தண்ணியை வடிச்சுவிடவா, நிரப்பியே வைக்கவா?

கந்தளாய்நீர்

நிரப்பியே வையுங்கள். வடித்தால் உள்ளே ஈரக்காற்று நிற்கும், அனோட்டு தண்ணீருக்குள் இருந்தால்தான் காக்கும்.

மூன்றாம்வயர்

மாசம் ஒருக்கா, ஞாயிறு எண்டு வைச்சுக்கொள்ளுங்க, சுவிச்சைப் போட்டு 60 வரைக்கும் ஏத்தி, ஒரு மணித்தியாலம் விட்டு, இரண்டு வாளி வெளியே ஓட விடுங்க. பக்டீரியாவும் சாகும், மக்னீசியம் ஒக்சைட் தூளும் காயும், அதோட ட்ரிப் டெஸ்ற் பட்டனையும் சேஃப்டி வால்வ் லீவரையும் அதே நாளில பாத்திடலாம். எட்டு மாசத்துக்கு எட்டுத் தரம், 15 யூனிற்.